தூசிதான் என்றார்கள்

டயர்க்காரர் தன் அக்காவுக்கு மூன்று லட்சம் கடன்பட்டிருந்தார். வட்டி கிடையாது, அடமானம் கிடையாது, சாட்சிக் கையெழுத்தும் கிடையாது. அக்கா புருஷன் இறந்தபோது அவர் வேலை பார்த்த கம்பெனி கொடுத்து அனுப்பிய காசு அது. வீட்டில் அழுகை ஓய்ந்த பிறகு ஒரு நாள் அக்கா அதைத் துணிப்பையில் சுருட்டிக் கொண்டுவந்து தம்பியின் மடியில் போட்டாள். "மிஷின் வாங்கிக்கோ. அந்த மனுஷன் கடைசி வரைக்கும் அடுத்தவன் மிஷின்லயே வெந்தாரு. நீயாவது உன் சொந்த மிஷின்ல வேகு" என்றாள். வாழ்த்தா சாபமா என்று பிரித்தறிய முடியாத பேச்சுதான் அக்காவுக்கு எப்போதும்.

அந்தக் காசை வைத்து டயர்க்காரர் என்ன செய்தார் என்பதைத் தெருவே வாயைப் பிளந்து பார்த்தது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். பேனாவைப் பிடித்தால் விரல் வியர்க்கும். ஆனால் ஒரு டயரை உருட்டிவிட்டு, அது தரையில் விழுகிற சத்தத்தை வைத்தே உள்ளே நூல் அடுக்கு விட்டிருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவார். தேய்ந்த லாரி டயரைச் சுரண்டி, மேலே புது ரப்பர் பட்டை ஒட்டி, நீராவி அச்சில் வைத்து வேகவைத்து, மறுபடி ரோட்டில் ஓடவிடுகிற தொழில். ஒரு மிஷினில் ஆரம்பித்தவர் மூன்று மிஷின் வைத்திருந்தார். "டாக்டர் உசிர் இருக்கிறவனுக்குத்தான் வைத்தியம் பார்ப்பான், நான் செத்த டயருக்கே பார்ப்பேன்" என்று நெஞ்சைத் தட்டிச் சொல்லிக்கொள்வார். சொல்லிக்கொண்டால் என்ன தப்பு? அடுத்தவன் வந்து நம்மைப் புகழ்வான் என்று காத்திருந்தால் முடி நரைத்துப் போகும்.

கடனில் பெரும்பகுதியை அடைத்துவிட்டார். பாக்கி முப்பதாயிரம். லாரி கம்பெனி ஒன்று மொத்தமாக டயர் இறக்கியிருந்தது. அந்த வேலை முடிந்து காசு வந்ததும் கடைசித் தவணையை ஒரே கையாக நீட்டிவிட்டு, வாழ்க்கையில் முதல்முறையாக அக்காவுக்கு எதிரில் கால்மேல் கால் போட்டு உட்கார வேண்டும் என்பது அவர் ஆசை. அந்த ஆசைதான் அவரைக் கிட்டத்தட்டக் கொன்றுவிட்டது.

பட்டறைக்குள் நுழைந்தால் எல்லாமே கருப்பு. சுவர் கருப்பு, மின்விசிறி கருப்பு, தண்ணீர்ப் பானையின் மூடி கருப்பு. டயரைச் சுரண்டுகிற மிஷினிலிருந்து ரப்பர்த் துகள் மழை மாதிரி பறக்கும். மாஸ்க் போட்டால் மூச்சு முட்டுகிறது என்று ஒருத்தனும் போடமாட்டான். துப்பினால் எச்சில் கருப்பு. மூக்கைச் சிந்தினால் கருப்பு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் எல்லோரும் பயப்படுவார்கள், ஒரு வாரம் போனால் பழகிவிடும். "நம்ம கையை வெட்டினாக்கூட கருப்பு மைதான் வரும்" என்று பாய்லர்காரர் சொல்வார். பாய்லரைப் பார்த்துக்கொள்கிற அந்த மனுஷனுக்குச் சாப்பிட்டதும் ஏப்பம் வரும். அவர் ஏப்பம் விட்டால் பாய்லரில் வால்வு திறந்துவிட்டதோ என்று பக்கத்துக் கடைக்காரன் எட்டிப் பார்ப்பான்.

சுரண்டுகிற மிஷினில் நிற்பவன் நாற்பது வயதுக்காரன், ஊமைக்கோட்டான் என்று பட்டப்பேர். பேசமாட்டான். ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசினால் அன்றைக்கு அவனுக்குக் காய்ச்சல் என்று அர்த்தம். தூசி முதலில் அவன் மேல் விழுந்து, மிச்சம்தான் மற்றவர்களுக்கு வரும்.

லாரி டயரைத் தூக்கித் தூக்கி இடுப்பு விட்டுப்போகாத ஆள் இந்தத் தொழிலில் இல்லை. அதற்கும் டயர்க்காரர் ஏற்பாடு வைத்திருந்தார். தண்ணீர்ப் பானைக்கு மேலே பலகையில் ஒரு தகர பிஸ்கட் டப்பா. அது நிறைய வலி மாத்திரை. மருந்துக் கடையில் மொத்தமாக வாங்கிப் போடுவார். யாரும் கேட்க வேண்டாம், காசு தர வேண்டாம், எடுத்து வாயில் போட்டுக்கொள்ளலாம். பழைய கம்பெனியில் அக்கா புருஷன் ஃபோர்மேனாக இருந்தபோது ஆரம்பித்து வைத்த பழக்கம் அது. மச்சினனுக்குத் தொழிலைக் கற்றுக்கொடுத்தபோது டப்பாவையும் சேர்த்துத்தான் கொடுத்தார். "என் பட்டறையில வலின்னு ஒருத்தன் உட்கார்ந்து பார்த்திருக்கியா?" என்று வருகிற டிரைவரிடமெல்லாம் டயர்க்காரர் கேட்பார். எந்த முதலாளி செய்கிறான் இதை?

காலையில் அவர் வீட்டில் சாப்பிடமாட்டார். ஆட்கள் வருவதற்கு முன்னால் பட்டறையைத் திறந்துவிட வேண்டும். வெறும் வயிற்றில் சாயம் மாதிரி ஒரு டீ, டப்பாவிலிருந்து ஒரு மாத்திரை, இடுப்பு ரொம்பப் பிடித்தால் இரண்டு. மதியம் எப்போது நேரம் கிடைக்கிறதோ அப்போது சாப்பாடு. சில நாள் அதுவும் கிடையாது. "வயிறுன்னா அது நாம சொல்றதைக் கேட்கணும், நாம அது சொல்றதைக் கேட்கக் கூடாது" என்பது அவர் சட்டம்.

வயிறு சொல்ல ஆரம்பித்தது. முதலில் தொப்புளுக்கு மேலே, விலா சேருகிற இடத்துக்குக் கீழே, ஒரு கங்கு. பசித்தால் எரியும், சாப்பிட்டால் அடங்கும், கொஞ்ச நேரம் கழித்து மறுபடி தலைதூக்கும். ஒரு சோடா வாங்கிக் குடித்தார். ஏப்பம் வந்ததும் சரியாகிவிட்டது போல இருந்தது. பிறகு சப்பித் தின்கிற மாத்திரை ஒன்றை மருந்துக் கடைக்காரன் கொடுத்தான். அதுவும் கேட்டது. நோய் ஒரு பக்கம் குழி பறிக்க, அவர் ஒரு பக்கம் அதற்குப் பாய் விரித்து மூடிக்கொண்டிருந்தார்.

பிறகு ஒரு காலை கக்கூஸில் குனிந்து பார்த்தார். கருப்பு. ரோட்டில் ஊற்றுகிற தார் மாதிரி பளபளவென்று, தண்ணீர் ஊற்றியும் போகாமல் பீங்கானில் ஒட்டிக்கொண்டு கிடந்தது. கூடவே ஒரு நாற்றம். வழக்கமான நாற்றமே வேறு. இது தித்திப்பும் அழுகலும் கலந்து, மூக்கில் ஏறினால் இறங்க மறுத்தது.

அவர் பயப்படவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் பட்டறைக்குப் போய்ப் பாய்லர்காரரிடம் சாடைமாடையாகச் சொன்னபோது, அவர் ஏப்பத்துக்கு நடுவே சிரித்தார். தூசி முதலாளி, நாள் முழுக்கத் தூசி முழுங்குறோம், அது எங்கே போகும், கீழேதானே வரணும் என்றார். தனக்கும் சில நாள் கருப்பாகப் போயிருக்கிறது என்றார். அச்சு போடுகிற ஆளும் ஆமாம் என்றான். சுரண்டுகிற மிஷின் பக்கத்திலிருந்து ஊமைக்கோட்டான் தலையை மட்டும் ஆட்டினான். அப்போதுதான் டயர்க்காரருக்கு அக்கா புருஷன் எப்போதும் சொல்லும் ஒரு வார்த்தை நினைவுக்கு வந்தது: உள்ளே போனது வெளியே வருதுன்னா உடம்பு ஒழுங்கா வேலை செய்யுதுன்னு அர்த்தம். எச்சிலே கருப்பாக இருக்கிற இடத்தில் மலம் மட்டும் என்ன மஞ்சளாகவா இருக்கும்? மனசு லேசாகிவிட்டது. இந்தத் தொழில்காரர்களைத் தவிர வேறு யார் அந்தக் கருப்பைப் பார்த்து நிம்மதியாக ஒரு டீ குடித்திருப்பார்கள்?

லாரி கம்பெனி வேலை பாதி முடிந்திருந்தபோது படி ஏறினால் மூச்சு வாங்கியது. பட்டறைக்கு மேலே கணக்கு பார்க்கிற சின்ன அறை. அதற்கு இரும்பு ஏணிப்படி. நடுவில் நின்று, சாமான் எதையோ தேடுவது போலக் கீழே பார்த்துக்கொண்டு மூச்சு விடுவார். காதுக்குள் அவருடைய இதயமே தட்டுகிற சத்தம் கேட்கும். தனியாகத் தூக்குகிற டயரை உருட்டிக்கொண்டு போனார். உருட்டுகிற டயரை ஆள் வைத்து உருட்டினார். உதடும் நகமும் வெளுத்துக்கொண்டே வந்தன. மனைவி முகத்தைப் பிடித்துத் திருப்பிப் பார்த்து, என்னங்க காகிதம் மாதிரி இருக்கீங்க என்றாள். "கரியில வேலை செஞ்சு வெள்ளையானவன் உலகத்துலயே நான் ஒருத்தன்தான்டி. அதுக்கும் ஒரு ராசி வேணும்" என்றார். அவள் சிரிக்கவில்லை.

அக்கா அந்த வாரம் வீட்டுக்கு வந்தாள். தவணை கேட்க அவள் வருவதில்லை. தம்பி மனைவியோடு உட்கார்ந்து தன் மலச்சிக்கலைப் பற்றிப் பேசத்தான் வருவாள். அவளுக்கு அது ஒரு பெரிய தலைப்பு. எந்தப் பழம் கேட்டது, எந்தப் பொடி கேட்கவில்லை என்று வக்கீல் மாதிரி வாதாடுவாள். டயர்க்காரர் குளித்து முடித்து வெளியே வந்தார், அக்கா உள்ளே போனாள். போன வேகத்தில் கதவு திறந்தது. அவள் வெளியே வரவில்லை, கதவைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றாள். சேலைத் தலைப்பால் மூக்கை மூடியிருந்தாள். கண் மட்டும் தெரிந்தது.

அவள் கூடத்துக்கு வந்து உட்கார்ந்தபோது தம்பி மனைவி வைத்த டீயைத் தொடவில்லை. எத்தனை நாளா என்று கேட்டாள். டயர்க்காரர் எதை என்று கேட்டார்.

"எதைன்னு கேக்காதடா. உன் மாமா சாகறதுக்கு முன்னாடி ஒரு மாசம் அவர் உள்துணியை நான்தான் துவைச்சேன். இந்த நாத்தம் எனக்குத் தெரியும். சோப்பு போட்டுப் போட்டுக் கையெல்லாம் எரிஞ்சாலும் அது போகாது. நெஞ்சுவலின்னு எழுதிக் குடுத்தாங்க. ரத்தமா வாந்தி எடுத்துச் செத்தவருக்கு நெஞ்சுவலியாம்."

மனைவி சமையலறைக் கதவில் சாய்ந்தாள். டயர்க்காரர் முதலில் தூசிக் கதையைச் சொன்னார். அக்கா அதைக் கேட்டு, மாமாவும் அதையேதான் சொன்னார், உங்க கூட்டத்துக்கே இது ஒரு வேதம் என்றாள். ஆஸ்பத்திரிக்குப் போகலாம், கிளம்பு என்றாள். லாரி கம்பெனி வேலை முடியட்டும் என்றார் அவர். இப்போது மிஷினை நிறுத்தினால் அவன் வேறு பட்டறைக்குப் போய்விடுவான், உன் முப்பதாயிரம் நிற்கும், அதைக் கொடுத்துவிட்டு எங்கே கூப்பிட்டாலும் வருகிறேன் என்றார்.

அக்கா எழுந்து நின்றாள். அந்த முப்பதாயிரம் எனக்கு வேண்டாம், விட்டேன், இவள் சாட்சி என்று தம்பி மனைவியைக் காட்டினாள். அதுதான் அவள் செய்த தவறு. டயர்க்காரரின் உடம்பில் இருந்த கொஞ்ச நஞ்ச ரத்தமும் முகத்துக்கு ஏறி வந்தது. தள்ளுபடி வாங்குகிற குடும்பத்தில் நான் பிறக்கவில்லை என்றார். நானும் அதே குடும்பத்தில்தான்டா பிறந்தேன் என்றாள் அவள். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு பட்டறைக்குப் போய்விட்டார். போகிற வழியில் இரண்டு இடத்தில் சுவரைப் பிடித்து நின்றார். அதை யாரும் பார்க்கவில்லை என்று அவர் நினைத்தார். அக்கா தெருமுனை வரை பின்னாலேயே வந்து பார்த்துவிட்டுத்தான் திரும்பினாள்.

அடுத்து அவள் செய்ததைத் தந்திரம் என்று சொல்லலாம். பட்டறைக்கு வந்து, அடுக்கியிருந்த டயர் மேல் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். வயிறு கல்லாகிவிட்டது, போய் நாலு நாளாகிறது, குடல் முறுக்கிக்கொண்டதோ என்னவோ, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக எனக்கு யார் இருக்கிறார்கள், புருஷனா இருக்கிறான் என்று ஆட்கள் முன்னால் ஆரம்பித்தாள். கடன் கொடுத்தவள், கூடப் பிறந்தவள், அதுவும் விதவை. எந்தத் தம்பியால் முடியாது என்று சொல்ல முடியும்? அச்சு வேகட்டும் என்று பாய்லர்காரரிடம் ஒப்படைத்துவிட்டு, ஆட்டோ பிடித்தார்.

ஆஸ்பத்திரி வரிசையில் உட்கார்ந்திருந்தபோது அக்காவின் முனகல் மெதுவாக நின்றுபோனதை அவர் கவனித்திருக்க வேண்டும். கவனிக்கிற நிலையில் அவர் இல்லை. எதிர்ச் சுவரில் இருந்த கடிகாரம் இரண்டாகத் தெரிந்தது. உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டர் ஒரு பெண், அக்காவைப் பார்த்து என்னம்மா பண்ணுது என்று கேட்டார்.

"எனக்கு ஒண்ணும் பண்ணலைம்மா. இவனுக்குத்தான். தார் மாதிரி போகுது இவனுக்கு. கேட்டா தூசிங்கிறான்."

டயர்க்காரருக்கு வந்த கோபத்தில் அந்த அறையே நிறைந்திருக்கும். சபையில் வைத்து, அதுவும் ஒரு பெண் டாக்டர் முன்னால், அவருடைய கக்கூஸ் விஷயத்தை! விருட்டென்று எழுந்தார். எழுந்ததுதான் தெரியும். தரை சாய்ந்து வந்து முகத்தில் அறைந்தது. பட்டறையின் கருப்பெல்லாம் ஒன்றாகத் திரண்டு கண்ணுக்குள் ஊற்றியது போல இருந்தது. எங்கேயோ தூரத்தில் அக்கா அவருடைய சின்ன வயசுப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

கண் விழித்தபோது ஒரு கையில் யாருடைய ரத்தமோ சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது. வாய் வழியாக விளக்கு வைத்த குழாயை விட்டுப் பார்த்திருக்கிறார்கள். இரைப்பை முடிந்து குடல் ஆரம்பிக்கிற வாசலில் ஒரு புண், அதன் அடியில் ஒரு ரத்தக் குழாய் திறந்து கசிந்துகொண்டிருந்திருக்கிறது. குழாய் வழியாகவே ஊசி போட்டு, ஒரு சின்ன கிளிப்பையும் மாட்டியிருந்தார்கள். இன்னும் ஓரிரு நாள் போயிருந்தால் கசிவு பீய்ச்சலாகியிருக்கும், அப்போது ஆட்டோ பிடிக்க நேரம் இருந்திருக்காது என்று டாக்டர் சொன்னார். இதை அவர் உரக்கச் சொல்லவில்லை. மழை வரலாம் என்று சொல்வது போலச் சொன்னார்.

மறுநாள் டயர்க்காரர் தெம்பாக உட்கார்ந்ததும் வாய் சும்மா இருக்கவில்லை. தூசி இல்லையென்றால் ரத்தம் சிவப்பாகத்தானே வரணும், கருப்பு எப்படி என்று டாக்டரை மடக்கினார். டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு நிதானமாகச் சொன்னார்.

வாயில் மென்றதை எச்சில் குழைக்கிறது. உணவுக் குழாய் அதைப் பிழிந்து பிழிந்து கீழே தள்ளுகிறது. தலைகீழாக நின்று விழுங்கினாலும் அது இரைப்பைக்குத்தான் போகும். இரைப்பை ஒரு தோல் பை. அதில் சுரக்கிற அமிலம் இறைச்சியையே கரைக்கும். அப்படியானால் அது இரைப்பையை ஏன் தின்னவில்லை? உள்சுவரில் வழவழவென்று ஒரு பூச்சு இருக்கிறது, உடம்பு அதை ஓயாமல் பூசிக்கொண்டே இருக்கிறது. அங்கிருந்து கூழாக இறங்குவதைச் சிறுகுடலில் கல்லீரலின் பித்தமும் கணையத்தின் நீரும் பிரித்துப் போடுகின்றன. மடித்து மடித்து வைத்த அந்த நீளக் குழாய்தான் சத்தை உறிஞ்சுகிறது. மிச்சம் பெருங்குடலுக்குப் போகும். அது தண்ணீரை உறிஞ்சும். அதிகமாக உறிஞ்சினால் மலம் கல்லாகும், அதுதான் மலச்சிக்கல். இந்த இடத்தில் அக்கா கட்டிலின் விளிம்பில் நிமிர்ந்து உட்கார்ந்து, அப்படிச் சொல்லுங்க, எனக்கு அதுதான் என்றாள். தண்ணி குடிங்க, காய்கறி சாப்பிடுங்க, நடங்க, உங்களுக்கு அப்புறம் சொல்றேன் என்றார் டாக்டர்.

ரத்தம் கீழே, ஆசனவாய் பக்கம், மூலத்தில் கசிந்தால் சிவப்பாகவே வரும். உடனே பயந்துபோய் ஓடிவருவார்கள். மேலே கசிகிற ரத்தம் அப்படி இல்லை. அமிலத்தில் வெந்து, குடல் முழுக்கப் பயணம் போய், கருத்துப் போய்த்தான் வெளியே வரும். பார்ப்பவனுக்கு அது ரத்தம் என்றே தோன்றாது. தூசி முழுங்கினாலும் இரும்புச் சத்து மாத்திரை சாப்பிட்டாலும் கொஞ்சம் கருக்கலாம்தான். ஆனால் தார் மாதிரி ஒட்டாது, இந்த நாற்றம் அடிக்காது.

டயர்க்காரருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. வெளியே வழுவழுவென்று புதுசு மாதிரி நிற்கிற டயர் உள்பட்டை கிழிந்திருந்தால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியாதா? காற்று நூலுக்கு நடுவே சத்தமில்லாமல் ஊறி ஊறி, ஒரு நாள் நெடுஞ்சாலையில் வெடிக்கும். தன் வயிற்றையும் உருட்டிப் பார்த்துச் சத்தம் கேட்க ஒரு வழி இல்லாமல் போய்விட்டதே என்று நினைத்தார்.

பூச்சு ஏன் போனது என்று டாக்டர் தேடினார். ஒரு கிருமி இருந்தது. பாதிப் பேர் வயிற்றில் அது குடியிருக்கும், மாத்திரையில் போய்விடும் என்றார். பிறகு, வலிக்கு ஏதாவது சாப்பிடுவீங்களா என்று கேட்டார். டயர்க்காரர் டப்பாவைப் பற்றிச் சொன்னார். பெருமையாகத்தான் சொன்னார். வலியை நிறுத்துகிற அந்த மாத்திரைதான் பூச்சு பூசுகிற வேலையையும் நிறுத்துகிறது என்று டாக்டர் சொன்னபோதுகூட, அது தனக்கு மட்டும் வந்த தலையெழுத்து என்றுதான் அவருக்குப் பட்டது.

"அந்த டப்பாவுல இருந்து எத்தனை பேர் எடுக்கிறாங்க, ஐயா?"

"எல்லாரும்தான். என் பட்டறையில நான் யாருக்கும் இல்லைன்னு சொன்னதில்லை."

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்குத் தான் சொன்னது காதில் விழுந்தது. டாக்டர் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார். அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அங்கிருந்தபடியே, அப்போ அவருக்கும் நெஞ்சுவலி இல்லையா என்று கேட்டாள். யாரைச் சொல்கிறாள் என்று டாக்டருக்கு விளங்க வைத்தார்கள். நான் பார்க்காத ஆளைப் பற்றி நான் சொல்ல முடியாதும்மா என்றார் அவர். அக்கா தலையாட்டினாள்.

அன்றிரவே டயர்க்காரர் கட்டிலில் இருந்தபடியே பாய்லர்காரருக்குப் போன் போட்டு, பலகையில் இருக்கிற டப்பாவை எடுத்துச் சாக்கடையில் கொட்டச் சொன்னார். பாய்லர்காரர் கொட்டினார். கொட்டுவதற்கு முன்னால் ஊமைக்கோட்டான் ஒரு கைப்பிடி எடுத்து வைத்துக்கொண்டதை அவர் தடுக்கவில்லை. தோள்வலி முதலாளி, பாவம் என்று போனிலேயே சொன்னார்.

ஆஸ்பத்திரியிலிருந்து விட்ட அன்று டயர்க்காரர் நேராக வீட்டுக்குப் போகவில்லை. லாரி கம்பெனி ஆள் வந்து டயர்களை ஏற்றிக்கொண்டு, காசை மேல் அறையில் வைத்துவிட்டுப் போயிருந்தான். அதை எடுக்கப் போகிறேன் என்று மனைவியிடம் சொன்னார். அக்காவும் கூடவே ஆட்டோவில் ஏறிக்கொண்டாள். வழி முழுக்க அவர் பேசவில்லை. அவர் பேசாமல் இருந்து அக்கா பார்த்தது அதுதான் முதல் தடவை.

பட்டறையில் மிஷின்களை நிறுத்தச் சொன்னார். நீராவியின் உஸ் என்ற சத்தம் அடங்கியதும் அந்த இடம் வேறு யாருடைய பட்டறையோ போல இருந்தது. ஆட்களை வரிசையாக நிற்கவைத்து, அக்கா பக்கத்தில் நிற்கிறாள் என்றுகூடப் பார்க்காமல், ஒவ்வொருத்தனையும் கேட்டார். தாரா, சாதாரணமா? ஒட்டுமா, ஒட்டாதா? நாற்றம் எப்படி? பாய்லர்காரர் நெளிந்தார். எனக்கு வெறும் கேஸ்தான் முதலாளி, நான் சாப்பிட்டுட்டுத்தானே மாத்திரை போடுவேன், கருப்பு எப்பவாவதுதான், ஒட்டாது என்றார். அச்சு போடுகிறவன் அப்படி ஒன்றும் இல்லை என்றான்.

ஊமைக்கோட்டான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். வியர்வையும் ரப்பர்த் துகளும் சேர்ந்து அவன் முகத்தில் ஒரு பூச்சு பூசியிருந்தன. அதற்கு அடியில் என்ன நிறம் என்று இத்தனை நாள் யாரும் யோசித்ததில்லை.

"ரெண்டு மாசமா. என் மேலதானே தூசி அதிகம் விழுது. அதான் எனக்கு அதிகமா வருதுன்னு நினைச்சேன்."

அவன் அத்தனை நீளமாகப் பேசி அங்கே யாரும் கேட்டதில்லை. டயர்க்காரர் அவன் கண்ணின் கீழ் இமையைக் கட்டைவிரலால் இழுத்துப் பார்த்தார். தனக்கு டாக்டர் அப்படித்தான் பார்த்தார். சிவப்பு இருக்க வேண்டிய இடத்தில் சுண்ணாம்பு இருந்தது. படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா என்று கேட்டார். நான் எங்கே படி ஏறுகிறேன் என்றான் அவன். இப்போதே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு என்றார். அவன் அசையவில்லை. இந்த மாசம் வீட்டு வாடகை இருக்கு, பிள்ளைக்கு ஸ்கூல் பணம் இருக்கு, நாள் தப்பினால் கூலி தப்பும், அடுத்த மாசம் பார்க்கலாம் என்று முனகினான். கேட்ட குரல் போல இருந்தது டயர்க்காரருக்கு. அவருடைய குரல்தான் அது, கொஞ்சம் மெதுவாக.

கூலி தப்பாது, நீ படுத்திருக்கிற நாளுக்கும் உண்டு என்றார். அவன் நம்பாமல் பார்த்தான். வாய்ப் பேச்சு எத்தனை முதலாளிகளிடம் கேட்டிருப்பான்! டயர்க்காரர் ஏணிப்படியில் ஏறினார். நடுவில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி ஏறினார். லாரி கம்பெனிக் காசோடு இறங்கி வந்து அக்கா முன்னால் நின்றார். தவணையைத் தள்ளிவைக்கலாமா என்று அவர் கேட்கவில்லை. அவரால் கேட்கவும் முடியாது.

"என்னை ஏன்டா பாக்கிற? என் பாக்கியை நான் அடுத்த மாசம் வாங்கிக்குவேன். அவன் அடுத்த மாசம் இருப்பானான்னு பாரு."

பாய்லர்காரர் ஆட்டோ பிடிக்கத் தெருவுக்கு ஓடினார். ஊமைக்கோட்டானைக் குழாயடிக்குக் கூட்டிப் போய்க் கை கழுவச் சொன்னார்கள். சோப்பு நுரை கருப்பாக ஓடி, பிறகு சாம்பலாகி, பிறகு தெளிந்தது. அவன் கையை உதறிவிட்டு, சட்டையில் துடைத்து, நீட்டினான். வருஷக்கணக்கில் ரப்பர் ஏறிய அந்தக் கையில் ரேகைகளில் மட்டும் கருப்பு மிச்சமிருந்தது. மற்ற இடமெல்லாம் மெழுகு மாதிரி வெளுத்திருந்தது. விரல் நுனி வரை ஒரு சொட்டுச் சிவப்பு இல்லை. டயர்க்காரர் நாக்கில் விரலைத் தொட்டுக்கொண்டு முதல் தாளை அந்த உள்ளங்கையில் வைத்தார். அவர் இன்னொரு கையால் அதைக் கீழிருந்து தாங்கிக்கொண்டு, அடுத்த தாளை வைத்தார், அதற்கு மேல் அடுத்ததை, வாய்விட்டு எண்ணிக்கொண்டே.